கத்தியா, ஸ்டென்ட்டா, சும்மா விடுவதா? குணமாகாத இரைப்பைப் புற்றில் ஆபரேஷன் பற்றி முடிவெடுக்க

இரைப்பைப் புற்றுநோய் கல்லீரலுக்கோ வயிற்றின் உள்சவ்வுக்கோ பரவிவிட்டது, இனி முழுசாகக் குணமாக்க முடியாது என்று டாக்டர் சொன்ன அன்றே வீட்டில் இரண்டு கட்சி கிளம்பிவிடும். “நிலத்தை வித்தாவது கட்டியை எடுத்துடணும்” என்று ஒரு கட்சி. “கத்தி பட்டா சீக்கிரம் பரவும், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்” என்று இன்னொரு கட்சி. அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸாக இருந்தவள் என்பதால் தருமபுரியைச் சுற்றியுள்ள சொந்தபந்தம் இந்த வழக்கை என்னிடம் கொண்டுவரும். நான் முதலில் கேட்பது இதைத்தான்: “இப்ப அவரை ரொம்பப் படுத்தறது எது?”

சோறு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லையா, இறங்கியது வாந்தியாகத் திரும்புகிறதா, ரத்தம் போகிறதா, வலியா, வயிறு வீங்கித் தண்ணீர் கோர்த்திருக்கிறதா? இது தெரியாமல் ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று விடிய விடியப் பேசினாலும் முடிவு வராது. நோயைத் தணிக்கச் செய்யும் அறுவை சிகிச்சை ஏதாவது ஒரு தொல்லையைக் குறிவைத்தே செய்யப்படுகிறது. வலி மட்டும்தான் என்றால் வயிற்றைத் திறக்கத் தேவையில்லை. மார்ஃபின் இருக்கிறது, அதற்கும் கேட்காவிட்டால் வயிற்றின் பின்புறமுள்ள நரம்பு முடிச்சில் ஊசி போட்டு வலியை மரக்கச் செய்யலாம். தண்ணீர் கோர்த்திருந்தால் ஊசி வழியாக இறக்கிவிடலாம். கத்தி பற்றிய பேச்சு வருவது மூன்று இடங்களில்: அடைப்பு, ரத்தக்கசிவு, கட்டி இருக்கும் இடத்தில் இரைப்பை ஓட்டையாகிவிடுவது. இதில் ஓட்டை விழுவது அவசரம். திடீரென்று தாங்க முடியாத வலி, வயிறு பலகைபோல் இறுகுவது என்றால் ஒப்பீட்டுக்கெல்லாம் நேரமில்லை, 108-ஐக் கூப்பிடுங்கள்.

கட்டியை எடுத்துவிட்டால் என்ன?

“கட்டி உள்ளே இருக்கிற வரைக்கும் பரவிக்கிட்டேதானே இருக்கும்? அதை எடுத்துட்டா ஆறு மாசமாவது கூடக் கிடைக்காதா அக்கா?” இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அறுவை மருத்துவர்களே நெடுங்காலம் இப்படித்தான் நினைத்தார்கள். அதைச் சோதித்துப் பார்த்தது ஜப்பான், தென்கொரியா, சிங்கப்பூர் மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ரெகாட்டா ஆய்வு. நோய் ஓரளவே பரவியிருந்த 175 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கீமோ மட்டும், மறு பிரிவுக்கு இரைப்பையை எடுத்துவிட்டுக் கீமோ. முடிவு 2016-இல் லான்செட் ஆன்காலஜி இதழில் வந்தது. கீமோ மட்டும் பெற்றவர்களில் சரிபாதிப் பேர் 16.6 மாதம் தாண்டி இருந்தார்கள். இரைப்பையை எடுத்தவர்களில் அந்தக் கணக்கு 14.3 மாதம். இரண்டு ஆண்டு கடந்தவர்கள் கீமோ பிரிவில் 31.7 சதவீதம், ஆபரேஷன் பிரிவில் 25.1 சதவீதம். பலன் தெரியவில்லை என்று ஆய்வையே இடையில் நிறுத்தினார்கள். 2024-இல் முடிவு வெளியான ஜெர்மனியின் ரெனெய்ஸன்ஸ் ஆய்விலும் கீமோவோடு அறுவையைச் சேர்த்ததால் மொத்தத்தில் ஆயுள் கூடவில்லை.

காரணம் விளங்காததல்ல. இரைப்பையை எடுத்த உடம்பு இளைக்கிறது, சாப்பாட்டின் அளவு சுருங்குகிறது, அப்படிப்பட்ட உடம்பு கீமோவைத் தாங்குவதில்லை. பரவிய நோயைக் கட்டுப்படுத்துவது கீமோதான். அதைத் தாங்கும் வலுவைக் கத்திக்குச் செலவழித்துவிட்டால் பிறகு கையில் ஒன்றுமிருக்காது.

எனவே, பரவிய நோயில் ஆயுளைக் கூட்டுவதற்காகக் கட்டியை எடுப்பது என்றால் என் பதில் வேண்டாம் என்பதே. விலக்கு உண்டு. கீமோவுக்கு நோய் நன்றாகச் சுருங்கி, பரவிய இடங்கள் ஸ்கேனில் மறைந்துபோனால் பெரிய புற்றுநோய் மையங்களில் எடுப்பதைப் பற்றி மறுபடி யோசிப்பார்கள். அது அவர்கள் கூடிப் பேசி எடுக்க வேண்டிய முடிவு.

மறு கட்சியின் “கத்தி பட்டா பரவும்” என்ற பேச்சும் சரியல்ல. திறந்து பார்த்தபோது நோய் ஏற்கெனவே பரவியிருந்தவர்கள் சில மாதத்தில் போய்விட, பழி கத்தியின் மேல் விழுந்த கதைதான் பெரும்பாலும் ஊரில் உலவுகிறது. இந்தப் பயத்தால், அடைப்பைச் சுற்றிப் புது வழி தைக்கும் பைபாஸ் செய்தால் நன்றாகச் சாப்பிட்டிருக்கக்கூடிய மனிதரை வாந்தியோடு வீட்டில் வைத்திருப்பவர்களும் உண்டு. அது எனக்கு இன்னும் கோபம் தருவது.

அடைப்பு: இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும்

இரைப்பையின் கீழ்வாயில் கட்டி வளர்ந்தால் சாப்பாடு சிறுகுடலுக்குப் போகாது. காலையில் தின்ற களி சாயங்காலம் அப்படியே வாந்தியில் வரும். வாந்தி எடுத்ததும் கொஞ்சம் ஆசுவாசம், பிறகு மறுபடி வயிறு உப்பும். அசைந்தால் உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம்கூடச் சிலருக்குக் கேட்கும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்றுண்டு. மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போட்டு இரைப்பையைக் காலி செய்து, வாந்தியில் போன பொட்டாசியத்தையும் குளோரைடையும் ஏற்றிச் சரிக்கட்ட வேண்டும். வாரக்கணக்கில் வாந்தி எடுத்தவருக்கு வைட்டமின் பி1 கொடுக்காமல் வெறும் குளுகோஸ் பாட்டிலை ஏற்றினால் மூளை பாதிக்கப்படக்கூடும். “பி1 ஊசி போட்டாச்சா சிஸ்டர்?” என்று கேட்க யாரும் தயங்க வேண்டாம். ஆபரேஷனை இதற்காக இரண்டு மூன்று நாள் தள்ளிப்போட்டால் “சும்மா படுக்க வெச்சிருக்காங்க” என்று சண்டைக்குப் போகாதீர்கள், அந்த நாட்கள் வீணல்ல.

இனி வழிகள். பைபாஸ் என்று வார்டில் சொல்வது, சிறுகுடலின் ஒரு வளையத்தை மேலே கொண்டுவந்து இரைப்பையோடு புது வாய் வைத்துத் தைப்பது. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து கிடக்கும்போது வண்டிகளை வேறு பாதையில் திருப்பிவிடுகிறார்களே, அந்த வேலைதான். லாரி அங்கேயே கிடக்கும், போக்குவரத்து நடக்கும். வயிற்றைத் திறந்தும் செய்யலாம், சிறு துளைகள் வழியாகக் கேமரா விட்டு லேப்ராஸ்கோப்பியிலும் செய்யலாம். மயக்க மருந்து வேண்டும், தையல் ஆறவேண்டும். தைத்த பிறகும் இரைப்பை சோம்பிக் கிடந்து சில நாள், சிலருக்குச் சில வாரம்கூட, வாந்தி தொடர்வதுண்டு. ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை, பெரும்பாலும் தானே சரியாகும். கீமோ தொடங்க மூன்று நான்கு வாரம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஸ்டென்ட் என்பது எண்டோஸ்கோபி வழியாக அடைத்த இடத்துக்குள் உலோக வலைக்குழாயைச் செருகி விரிய விடுவது. வெட்டு இல்லை. ஓரிரு நாளில் கஞ்சி இறங்கும், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம், கீமோவையும் சீக்கிரம் தொடங்கலாம். ஆனால் வலைக்கண்கள் வழியாகக் கட்டி உள்ளே வளர்ந்து சில மாதத்தில் மறுபடி அடைக்கும். உறை போட்ட ஸ்டென்ட்டில் இந்தத் தொல்லை குறைவு, பதிலுக்கு அது நழுவிப் போகும். கீமோவில் கட்டி சுருங்கினால் பிடிமானம் போய் நழுவும் வாய்ப்பு இன்னும் அதிகம்.

இந்த இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட நெதர்லாந்து ஆய்வு 2010-இல் வந்தது. சிறியது, 39 பேர்தான். ஸ்டென்ட் வைத்தவர்கள் 5 நாளில் மென்மையான சாப்பாட்டுக்கு வந்தார்கள், பைபாஸ் செய்தவர்களுக்கு 8 நாள் ஆயிற்று. போகப் போகக் கதை மாறியது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அடைப்பு திரும்பி மறுபடி மறுபடி எண்டோஸ்கோபி தேவைப்பட்டது. பைபாஸ் செய்தவர்கள் நீண்ட நாள் சாப்பிட்டார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் இருப்பார் என்று தோன்றினால் பைபாஸ், அதற்குக் குறைவென்றால் ஸ்டென்ட் என்று அந்த ஆய்வாளர்கள் கோடு போட்டார்கள். பல மருத்துவர்கள் இன்றும் கிட்டத்தட்ட அந்தக் கோட்டைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள்.

இரண்டு மாதமா, ஆறு மாதமா என்று யார் சொல்வது? தேதி குறித்துச் சொல்ல யாராலும் முடியாது. கணிக்க அடையாளங்கள் இருக்கின்றன. பகலில் பாதிக்கு மேல் படுக்கையிலேயே இருக்கிறாரா? தானே எழுந்து கொல்லைப்பக்கம் போய் வருகிறாரா? வயிற்றில் தண்ணீர் கோர்த்திருக்கிறதா? ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் எவ்வளவு? கீமோ கொடுக்கலாம் என்று புற்றுநோய் மருத்துவர் நினைக்கிறாரா?

பாலக்கோட்டில் தக்காளி போடும் ஐம்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். எடை குறைந்திருக்கிறது, ஆனால் நடமாடுகிறார். வயிற்றில் நீர் இல்லை. கீமோவுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். இவருக்கு நான் பைபாஸ் பக்கம், முடிந்தால் லேப்ராஸ்கோப்பியில். ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அடைப்பெடுக்க சேலத்துக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுவதைவிட, ஒரு முறை தாங்கிக்கொண்டு நன்றாகச் சாப்பிடுவது மேல். ஊத்தங்கரைப் பக்கத்து எழுபத்தைந்து தாண்டிய அம்மா ஒருவர், வயிறு நிறையத் தண்ணீர், பெட்டை விட்டு எழுவதில்லை என்றால் அவரை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகக் கூடாது என்றே சொல்வேன். ஸ்டென்ட்கூட யோசித்துத்தான்.

யோசித்து என்பதற்குக் காரணம் உண்டு. நோய் உள்சவ்வில் தூவியதுபோல் பரவிச் சிறுகுடலையும் இரண்டு மூன்று இடத்தில் நெரித்திருந்தால், இரைப்பையின் கீழ்வாயைத் திறந்துவிட்டும் பயனில்லை. பைபாஸும் தோற்கும், ஸ்டென்ட்டும் தோற்கும். சி.டி. ஸ்கேன் இந்தச் சின்னத் தூவல்களைச் சில சமயம் தவறவிடும். ஆகவே, “கீழே குடல் முழுக்கத் திறந்துதான் இருக்கா, கேமரா விட்டுப் பாத்தீங்களா?” என்ற கேள்வியைச் சர்ஜனிடம் கட்டாயம் கேளுங்கள்.

மூன்றாவது வழி புதியது. எண்டோஸ்கோபியின் நுனியில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்துக்கொண்டே இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் நடுவே ஒரு சிறு ஸ்டென்ட்டைப் பொருத்தி, கத்தியில்லாமலே பைபாஸ் செய்வது. சாதாரண ஸ்டென்ட்டோடு இதை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2024 வாக்கில் வெளியானது. ஆறு மாதத்துக்குள் மறுபடி சிகிச்சை தேவைப்பட்டவர்கள் சாதாரண ஸ்டென்ட்டில் 29 சதவீதம், இதில் 4 சதவீதம். கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் கை பழகிய நிபுணர்கள் பெருநகரங்களின் பெரிய மருத்துவமனைகளில்தான் இருப்பார்கள், செலவும் அதிகம். ஆபரேஷன் தாங்காது, ஆனால் சில மாதம் இருப்பார் என்கிற நடுத்தர நிலையில் உள்ளவருக்கு, வசதி கைக்கெட்டினால் கேட்டுப் பார்க்கலாம்.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை, நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும். ஸ்டென்ட் வைத்தவருக்குக் கேழ்வரகுக் களி உருண்டை கூடாது. நாம் களியை மெல்லுவதில்லை, குழம்பில் தொட்டு முழுங்குகிறோம். அந்த உருண்டை குழாயில் போய் உட்கார்ந்துகொள்ளும். கீரைத் தண்டு, நாரோடு மாம்பழம், தக்காளித் தோல், கறித்துண்டு எல்லாம் அதே வகை. களியைக் கூழாகக் கரைத்துக் கொடுங்கள், மாம்பழத்தைச் சாறாக்கி வடிகட்டுங்கள். கிருஷ்ணகிரி சீசனில் வீட்டில் பெட்டி பெட்டியாக மாம்பழம் இருக்கும்போது இது கஷ்டம்தான். பைபாஸ் செய்தவருக்கு, தையல் ஆறியபின், சோறு களி எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாக.

கட்டி மேல்வாயில், உணவுக்குழாய் சேருமிடத்தில் இருந்தால் பைபாஸ் பேச்சுக்கு இடமில்லை. அங்கே ஸ்டென்ட்டோ கரண்ட் (கதிர்வீச்சு) வைப்பதோதான்.

வயிற்றில் டியூப்

“சின்ன ஆபரேஷன்தான், குடல்ல டியூப் வெச்சு அது வழியா கஞ்சி ஊத்தலாம்” என்று பல இடங்களில் சொல்வார்கள். சிறுகுடலில் நேரடியாக உணவுக் குழாய் வைப்பது. கேட்க எளிதாக இருப்பதால் குடும்பம் உடனே தலையாட்டிவிடும். எனக்கு இதில் தயக்கம் உண்டு. டியூப் சோற்றைக் கொடுக்கும், வாந்தியை நிறுத்தாது. வாய் வழியாக ஒன்றுமே சாப்பிடாவிட்டாலும் எச்சிலும் இரைப்பை நீருமாக ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் சுரக்கிறது. கீழ்வாய் அடைத்திருந்தால் அத்தனையும் வாந்தியாகத்தான் வெளியே வர வேண்டும். டியூபோடு இரைப்பையைக் காலி செய்யவும் ஒரு வழி வைத்தால்தான் நிம்மதி.

கீமோவுக்குத் தயாராகும் ஒருவருக்கு, உணவுக்குழாய்ப் பக்கம் அடைப்பு என்றால், டியூப் பெரிய உதவி. கடைசி வாரங்களில் இருப்பவருக்கு அது சுமை. பசியில்லாமல் போவது அப்போது நோயின் போக்கு. கஞ்சி ஊற்றி அதை வெல்ல முடியாது. “பட்டினி போட்டு அனுப்பிட்டோம்னு ஊர் சொல்லுமே” என்ற பயத்துக்காக டியூப் வைக்காதீர்கள். வைத்தால், ராகிப் பாலை நன்றாக வடிகட்டி, மெதுவாக, தலையை உயர்த்தி வைத்துக் கொடுங்கள். முன்னும் பின்னும் கொதித்து ஆறிய தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஒரே மூச்சில் ஊற்றினால் வயிற்றுப்போக்கு நிச்சயம்.

டியூப், ஸ்டென்ட், பைபாஸ் ஒன்றுமே வேண்டாம் என்பதும் முழுமையான ஒரு தேர்வுதான். அப்போதும் வாந்திக்கு மருந்துண்டு. ஆக்ட்ரியோடைடு ஊசி சுரப்பைக் குறைக்கும், டெக்ஸாமெத்தசோன் வீக்கத்தைக் குறைக்கும். முழு அடைப்பு இருக்கும்போது குடலை முடுக்கிவிடும் மெட்டோகுளோப்ரமைடு கொடுத்தால் வலி கூடும். வீட்டில் பழைய சீட்டைப் பார்த்து அதை வாங்கிக் கொடுக்கக் கூடாது.

ரத்தம் போனால்

தார் மாதிரி கருப்பாக மலம் போவது, தலைசுற்றல், முகம் வெளுப்பது. ஹீமோகுளோபின் 5, 6 என்று வந்து மாதம் ஒரு முறை ரத்தம் ஏற்றிக்கொண்டிருப்பவர்களுக்கு ஆபரேஷன்தான் வழி என்று தோன்றும். பெரும்பாலும் இல்லை. எண்டோஸ்கோபியில் கசியும் இடத்தை அடைக்கலாம், ஆனால் புற்றுக்கட்டியில் அது நீடிப்பதில்லை. பலரும் யோசிக்காமல் விடுவது கதிர்வீச்சு. நம் பக்கத்தில் கரண்ட் வைக்கிறது என்பார்கள். ஒரே ஒரு தடவையோ, ஐந்து தடவையோ, பத்து தடவையோ கொடுப்பார்கள். பத்தில் ஏழு பேருக்குக் கசிவு நிற்கிறது அல்லது குறைகிறது. பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்பதால், கொட்டிக்கொண்டிருக்கும் ரத்தத்துக்கு இது உதவாது. அங்கே ரத்தக்குழாயை உள்வழியாக அடைக்கும் சிகிச்சையோ, எதுவும் பலிக்காமல் உடம்பும் தாங்கும் என்றால் இரைப்பையை எடுப்பதோதான். மேலே நான் வேண்டாம் என்றது ஆயுளுக்காக எடுப்பதை. இது உயிரைப் பிடித்து நிறுத்துவதற்காக.

தூரத்தில் இருப்பவருக்கு ஐந்து தடவைக்குப் பதில் ஒரு தடவை போதுமா என்று தாராளமாகக் கேளுங்கள். பென்னாகரத்திலிருந்து தினமும் வண்டி வைத்துப் போய்வருவது ஒரு தனி நோய்.

எங்கே போவது

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2008-லிருந்தும், கிருஷ்ணகிரியில் போலுப்பள்ளியிலுள்ள மருத்துவக் கல்லூரி 2022-லிருந்தும் இருக்கின்றன. பைபாஸ், டியூப் போன்றவற்றுக்கு முதலில் இங்கே அறுவைப் பிரிவில் காட்டுங்கள். கதிர்வீச்சு, சிக்கலான எண்டோஸ்கோபி என்றால் சேலம், வேலூர் சி.எம்.சி., சென்னையில் அடையாறு, காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனை எல்லாம் இருக்கின்றன. ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூர் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை பக்கம். ஆனால் மாநிலம் தாண்டும்போது காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்று போனில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

முதலமைச்சர் விரிவான காப்பீட்டில், ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆபரேஷன் அதில் வரும், ஆனால் ஸ்டென்ட்டின் விலை முழுவதும் வருமா என்பதை அனுமதி கேட்கும் நேரத்திலேயே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் தியேட்டர் வாசலில் நிற்கும்போது பல ஆயிரம் கேட்பார்கள்.

இவ்வளவையும் யாரிடம் பேசுகிறோம் என்பது இருக்கிறது. “அப்பாவுக்குத் தெரியக் கூடாது” என்று சொல்லிவிட்டு, மூத்த மகனும் மாமாவும் வெளியே நின்று முடிவெடுப்பது நம் வழக்கம். நோயின் பெயரைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். ஆனால், “வயித்தைத் திறந்து வழி பண்ணினா ரெண்டு வாரம் வலி இருக்கும், அப்புறம் சாப்பிடலாம். திறக்காம ஒரு குழாய் வெச்சா நாளைக்கே கஞ்சி குடிக்கலாம், மறுபடி அடைக்கலாம். எது வேணும்பா?” என்று அவரிடம் கேட்கப் புற்று என்ற சொல்லே தேவையில்லை. பேத்தி கல்யாணம் அடுத்த மாதம், பந்தியில் உட்கார வேண்டும் என்று அவர் சொன்னால் ஸ்டென்ட் பக்கம் தராசு சாயும். அறுவடைவரை தாங்கினால் போதும், ஆஸ்பத்திரிக்கு மறுபடி வரமாட்டேன் என்றால் பைபாஸ்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய்த்தணிப்புச் சேவை அதில் ஒரு பகுதி. எந்த வழியைத் தேர்ந்தாலும், டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் மூன்று விஷயம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்: என்ன செய்தார்கள், ஸ்டென்ட் என்றால் அதன் வகையும் வைத்த தேதியும், வாந்தி திரும்பினால் எந்தப் பிரிவுக்கு வர வேண்டும் என்பதும். ராத்திரியில் வேறு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால் அங்கே இருக்கும் டூட்டி டாக்டர் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.